நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே?

கேள்வி: பதின்வயதினர் நாவல் என்றாலே ரத்தக்காட்டேரிக் காதல், அழிந்துபோன உலகம். என் மகள் வாசிப்பதெல்லாம் இதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் கதையில் வரவே மாட்டார்களா?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: வாசகியின் ஆதங்கம் நியாயமானது. 2005-இல் 'ட்விலைட்' வந்து சக்கைப்போடு போட்டதும் அதே அச்சில் ரத்தக்காட்டேரிகள் வரிசைகட்டின. ஆனால் 2008-இல் வந்த 'ஹங்கர் கேம்ஸை' அந்தக் கணக்கில் சேர்ப்பது தவறு. தங்கைக்குப் பதிலாகச் சாவு விளையாட்டுக்குப் போகும் அக்கா, அந்தக் கொலைகளைத் தொலைக்காட்சியில் காட்டும் அரசு: இதைப் படிக்கும் பெண் அதிகாரத்தைக் கேள்வி கேட்கப் பழகுவாள். மகள் தாராளமாகப் படிக்கட்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பக்கத்திலேயே. திருப்பதிப் பக்கத்து எழுத்தாளர் நாமினி, 'சினப்ப கதலு', 'மிட்டூரோடி புஸ்தகம்' ஆகியவற்றில் தன் கிராமத்துச் சிறுவயதைச் சித்தூர் வட்டாரத் தெலுங்கிலேயே எழுதினார். வறுமை, சேட்டை, அம்மாவின் வசவு எதையும் மெருகேற்றவில்லை. எல்லையோரத் தமிழ் வீடுகளுக்கு அந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது.

தமிழில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைப் பதின்வயதினருக்குக் கதையாக்கியது. 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் சீண்டலைப் பிள்ளைகளோடு நேராகப் பேசுகிறது. அதை மகளும் அம்மாவும் சேர்ந்தே படிக்கலாம்.