கல்லாவுக்கு வெளியே ஒரு தொழில்



நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். பிள்ளை தலையெடுத்ததும் அவனைக் கல்லாவில் உட்கார வைப்பது நம் வழக்கம். ஆனால் பெடாஸ், ரெம்பாவ் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்றைய நிலைமை நன்றாகத் தெரியும். தோட்டத்து ஜனங்களை நம்பி நடந்த பற்றுவரவு முன்போல் இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. பல குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் போய்விட்டன. கல்லா ஒன்று, பிள்ளைகள் மூன்று நான்கு. ஆகையால் கல்லாவுக்கு வெளியே என்ன வழி என்று நாம் யோசித்தே தீர வேண்டும்.

ஆட்டோமேஷன் என்று சொல்லப்படும் தானியங்கி யந்திரத் தொழிலைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் படித்தது மத்ரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆகவே நமக்குத் தெரிந்த வியாபாரக் கணக்கிலேயே பார்ப்போம். எதையும் வாங்குமுன் சரக்கு என்ன, முதல் எவ்வளவு, லாபம் என்ன, நஷ்டம் எங்கே என்று கேட்பவர்கள் அல்லவா நாம்?

1. சரக்கு என்ன?

நம் கடையில் உள்ள ஐஸ் பெட்டியைப் பாருங்கள். போதிய குளிர் வந்ததும் மோட்டார் தானே நின்றுவிடுகிறது. குளிர் குறைந்தால் தானே ஓடுகிறது. இதில் மூன்று காரியங்கள் உண்டு: குளிரை அறிவது, என்ன செய்வதென்று தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்வது. கண், மூளை, கை என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பெரிய தொழிற்சாலையானாலும் அடிப்படை இதுதான். இந்த மூன்றையும் பொருத்துவது, வேலை சொல்லிக் கொடுப்பது, பழுதானால் சீர் செய்வது ஆகியவையே இந்தத் தொழில்.

இது நமக்கு அந்நியமான வித்தையும் அன்று. ஏறக்குறைய 850ஆம் ஆண்டில் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர், தண்ணீரின் மட்டம் ஏறி இறங்குவதைக் கொண்டு தானே திறந்து மூடும் அடைப்பான்களை அமைத்து, அவற்றைக் கிதாபாக எழுதினார்கள். தியார்பக்கிர் அரசவையில் பணி செய்த அல்ஜஸரீ, 1206இல் முடித்த தம் நூலில் தானே மணி காட்டும் நீர்க் கடிகாரங்களைச் செய்யும் முறையை ஒவ்வோர் உறுப்பாக விவரித்தார்.

இக்காலத்து மூளைப் பெட்டிக்கு பி.எல்.சி. என்று பெயர். அமெரிக்காவில் 1968இல், மோட்டார் கார் தொழிற்சாலைகளின் தேவைக்காக இது உருவாயிற்று. அதற்கு முன் வேலை முறையை மாற்ற வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கம்பிகளைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். இந்தப் பெட்டி வந்த பிறகு, கம்பியைத் தொடாமல் கட்டளையை மாற்றி எழுதினாலே போதும்.

2. செம்பனை ஆலையில் இதன் வேலை

குலை வெட்டியதும் தாமதமின்றி ஆலைக்குப் போக வேண்டும். நாள் கடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறி விலை இறங்கும். ஆலையில் குலைகளை முதலில் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து நீராவியில் வேக வைப்பார்கள். சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 40 ராத்தல் அழுத்தம், ஏறக்குறைய 140 டிகிரி உஷ்ணம், சுமார் ஒன்றரை மணி நேரம். நீராவியை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டால் உள்ளே தங்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆகையால் இரண்டு முறை ஏற்றி இறக்கி, மூன்றாவது முறை நிறுத்தி வைப்பது வழக்கம். இதைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் திருகித் திருகிச் செய்துவந்தார். இன்று பல ஆலைகளில் பெட்டி செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவு திறந்தால் எதிரில் நிற்பவர் உயிர் போய்விடும். அழுத்தம் முழுதும் இறங்காமல் கதவு திறக்காதபடி பூட்டு அமைத்திருப்பார்கள். அந்தப் பூட்டைச் சரியாக வைத்திருப்பவனிடம் பல குடும்பங்களின் அமானத் இருக்கிறது. நம் தராசைச் சோதித்து முத்திரை போடுவதுபோல, அழுத்தத்தை அறியும் கருவியையும் அவன் தவணை தவறாமல் சோதிக்க வேண்டும். எடை பிசகினால் நமக்குப் பணம்தான் போகும். அங்கே பிசகினால் உயிரே போகும்.

3. முதல் எவ்வளவு?

கடை வைக்கும் முதலோடு ஒப்பிட்டால் இதற்கு வேண்டியது பெரும்பாலும் காலமும் பொறுமையுமே. மலேசியாவில் தொழில்திறன் சான்றிதழ் ஐந்து படிகளாக உள்ளது. மூன்று வரை சிஜில், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம்.மில் பெரிய மார்க் வாங்காத பிள்ளையும் கீழ்ப்படியில் நுழைந்து மேலே ஏறலாம்.

பெடாஸிலிருந்து எட்டும் தூரத்தில், மலாக்கா அலோர் காஜாவில் மனிதவள அமைச்சின் அட்டெக் கல்லூரி உண்டு. போர்ட்டிக்சனிலும் நீலாயிலும் பாலிடெக்னிக் உண்டு. காஜாங்கில் ஜெர்மன்-மலேசிய இன்ஸ்டிடியூட் உண்டு. 2005இல் வந்த இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையிலும் சிறுபகுதியை வகுப்பிலும் கற்கலாம். கடைப்பையனாகச் சேர்ந்து முதலாளியிடம் தொழில் கற்ற நமக்கு இம்முறை புதிதல்ல.

4. லாபம் என்ன?

முதல் லாபம், சரக்கு மாறினாலும் தொழில் மாறாது. சிரம்பானில் சாம்சுங் எஸ்.டி.ஐ. நிறுவனம் 1990களில் டெலிவிஷன் படக்குழாய் செய்தது. தட்டை டெலிவிஷன் வந்ததும் படக்குழாயைக் கேட்பார் இல்லாமற்போயிற்று. பிறகு அங்கே மின்கலம் செய்யத் தொடங்கினார்கள். படக்குழாயை மட்டும் அறிந்தவனின் வித்தை அதோடு முடிந்தது. மோட்டாரையும் உணர்கருவியையும் பி.எல்.சி.யையும் அறிந்தவனின் வித்தை மின்கலத்துக்கும் உதவும், செம்பனைக்கும் உதவும், பிஸ்கட்டுக்கும் உதவும்.

இரண்டாவது, இது நம் வியாபாரத்துக்கே கை கொடுக்கும். மசாலாத்தூள் அரைத்து, எடைபோட்டு, பையில் அடைத்து ஒட்டும் யந்திரம் இன்று சிறு முதலாளியும் வாங்கக்கூடியது. அது நின்றுபோனால் கோலாலம்பூரிலிருந்து ஆள் வரும்வரை சரக்கு தேங்கும். வீட்டிலேயே தெரிந்தவன் இருந்தால் அன்றே ஓடும்.

மூன்றாவது, சில வருஷ அனுபவத்துக்குப் பின் சொந்தமாகப் பழுதுபார்க்கும் நிலையம் வைக்கலாம். அதுவும் வியாபாரம்தானே!

5. நஷ்டம் எங்கே?

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடு இரவில் யந்திரம் நின்றால் அப்போதே போக வேண்டும். மின்சாரமும் நீராவியும் அலட்சியத்தை மன்னிப்பதில்லை. பத்து வருஷத்துக்கு முன் கற்றதை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாது. கட்டணம் வாங்கிக்கொண்டு செல்லாத சான்றிதழ் கொடுக்கும் இடங்களும் இருக்கக்கூடும். ஆகவே பணம் கட்டுமுன், தொழில்திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் அந்த வகுப்புக்கு உண்டா என்று கேட்டறியுங்கள்.

“யந்திரம் வந்தால் ஏழையின் வேலை போகுமே, அதற்கு நம் பிள்ளைகள் துணை போகலாமா?” என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீராவி திருகிய ஆள் நம் வாடிக்கைக்காரர்தான். ஆனால் நம் பிள்ளை ஒதுங்கி நின்றால் யந்திரம் வராமல் இருக்காது. வேறொருவர் வந்து பூட்டுவார். அந்த ஆளின் மகனும் நம் மகனும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து இதைக் கற்பதே பரிகாரம். ஆகையால் இந்தச் செய்தியை வாடிக்கைக்காரர்களிடமும் சொல்லுங்கள்.

6. செய்ய வேண்டியது

பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய மின்விசிறியைக் கழற்றிப் பூட்டுவதில் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். ஆசை இருந்தால் கணக்கிலும் மலாய், ஆங்கில மொழிகளிலும் கவனம் செலுத்தச் செய்யுங்கள். யந்திரக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பெண் பிள்ளைகளை விலக்க வேண்டாம். கட்டளை எழுத வேண்டியது தெளிவான புத்தி, தோள்வலி அன்று. பள்ளி விடுமுறையில் ஒருநாள் கடையை அடைத்துவிட்டுப் பிள்ளையோடு அந்தக் கல்லூரிகளில் ஒன்றை நேரில் பார்த்து வாருங்கள். ஒருநாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளை படிக்கும் வயது போனால் திரும்பாது.