வேட்டையும் மந்தையும்: எலும்புகள் தரும் சான்று

கர்மபூமியின் தொடக்கத்தில் ஆதிபகவன் விருஷபதேவர் மக்களுக்கு அறுதொழில்களைக் கற்பித்தருளினார் என்பதை ஸ்ரீபுராணம் வாயிலாக நாம் அறிவோம். வேட்டையை விடுத்து மனிதன் ஆடுமாடுகளைப் பேணத் தொடங்கியதே கொல்லாமையின் முதற்படி என்று நம்மவருள் சிலர் கூறுவதுண்டு. கேட்பதற்கு இனிய கருத்துதான். அகழாய்வுச் சான்றுகள் அதற்கு இடந்தருகின்றனவா என்று நோக்குவோம்.

மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியில் கஞ்ச் தரே என்னும் தொல்லூர் உள்ளது. பிலிப் ஸ்மித் என்னும் அறிஞர் 1965 முதல் 1974 வரையிலான காலத்தில் அதனை அகழ்ந்தார். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வூரின் பச்சைச் செங்கற்களில் ஆட்டுக் குளம்பின் தடங்கள் பதிந்துள்ளன. ஈரம் உலருமுன் அவற்றை மிதித்த ஆடுகள் ஊருக்குள்ளேயே உலவியிருத்தல் வேண்டும்.

அதனினும் வலிய சான்று எலும்புகளே. வேடன் பெரும்பாலும் இறைச்சி மிகுந்த முதிர்ந்த கிடாயையே குறிவைப்பான். கஞ்ச் தரேயில் கிடாய்கள் இளமையிலேயே கொல்லப்பட்டதையும், பெட்டை ஆடுகள் நெடுநாள் விட்டுவைக்கப்பட்டதையும் மெலிண்டா ஜீடர், பிரையன் ஹெஸ் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். குட்டி ஈனப் பெட்டைகள் வேண்டும். கிடாய்களோ சில போதும். எஞ்சியவை உணவாயின! முன்னர், எலும்பு சிறுத்திருப்பதையே வளர்ப்பு விலங்கின் அடையாளமாகக் கொண்டனர். பெட்டையின் எலும்பு இயல்பாகவே சிறியதாதலால் அக்கணக்குப் பிழைபட்டது.

துருக்கியின் அஷிக்லி ஹோயுக் என்னும் தொல்லூரில் கீழடுக்குகளில் முயல், மீன், பறவை எலும்புகள் பல கலந்துள்ளன. மேலடுக்குகளில் செம்மறியே மிகுதி. வீடுகளின் இடையே சாணப் படிவுகளும் உள்ளன. மண்ணில் படிந்த சிறுநீர் உப்பு காலப்போக்கில் பன்மடங்கு பெருகியதை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அடைபட்டு வாழ்ந்ததன் கேடு அவ்வாடுகளின் மூட்டெலும்புகளிலும் தெரிகிறது.

ஆகவே, மந்தை வளர்ப்பு கொலையை நீக்கவில்லை. அதற்கு நாள் குறித்தது. காட்டு விலங்கு அறியாத துன்பங்களையும் உடன் கொணர்ந்தது. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்களாகக் கூறுவன ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஊன்றிப் பார்த்தால் இவை நம் கைக்கு அடங்கிய உயிருக்கு இழைக்கப்படுபவை என்பது விளங்கும். ஏர்மாடும் கறவையும் வைத்து வாழ்ந்த நம் உழவர் குடும்பங்களுக்கு இவை அன்றாடம் தொழுவத்தில் எதிர்ப்பட்டவை. அஷிக்லியின் மூட்டெலும்புகளில் நாம் காண்பது இவற்றுள் முதலாவதை.