கண்டல் வேரிற் கடற்பஞ்சு, கடற்பஞ்சினுட் பூஞ்சணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டினையும் அதனை அடுத்த தீவுகளையும் சூழ்ந்து கிடப்பது ஆழங்குறைந்த பரவைக்கடல். அதன் ஓரங்களில், மண்டைதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களிற் கண்டலும் கண்ணாவும் வளர்கின்றன. நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்க்கும் கண்டல் நன்கு தெரிந்த மரமே. எனினும், அம்மரத்தின் அடியில், நீரினுள்ளே நிகழும் வாழ்க்கையை நம்மிற் பலர் அறியோம். அவ்வாழ்க்கையின் ஒரு சிறு பகுதியாகிய, கடற்பஞ்சினுட் காணப்படும் பூஞ்சணத்தைப் பற்றி ஈண்டு ஆராய்வாம். பொதுவழக்கிற் பூஞ்சணம் என்பதையே பாடநூல்கள் பங்கசு என வழங்கும்.

மரமும் பஞ்சும்

பரவைக்கடலின் அடித்தளம் பெரும்பாலும் சேறும் மணலுமாம். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டே வாழவேண்டிய உயிர்க்கு அங்கே பிடிப்பு அரிது. நீருள் இறங்கி நிற்கும் கண்டலின் தாங்கு வேர்களே இத்தகைய இடங்களிற் பாறையாக உதவுவன. வெப்பவலயக் கண்டற்காடுகள் பலவற்றில் அவ்வேர்களைச் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் போர்த்தியிருத்தலைக் காணலாம்.

இஃது ஒருதலை உதவியன்று. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீசு நாட்டுக் கண்டற்காடுகளை எலிசன் என்பாரும் அவர்தம் துணைவரும் ஆராய்ந்து 1996 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். கண்டலின் நுண்வேர்கள் பஞ்சினுள் ஊடுருவி நைதரசன் உணவைப் பெறுகின்றன. பஞ்சோ வேரிலிருந்து காபன் உணவைப் பெறுகின்றது. வேரைத் துளைத்துக் கெடுக்கும் சிற்றுயிர்களையும் பஞ்சு தடுக்கின்றது. இடங்கொடுத்த மரத்துக்கு ஒட்டிய உயிர் கைம்மாறு செய்கின்றது என்க.

வடிகட்டி வாழும் விலங்கு

கடற்பஞ்சு பார்வைக்குச் செடிபோலத் தோன்றினும் விலங்கே. அதற்கு வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை. உடல் முழுவதும் நுண்டுளைகள் உள்ளன. சவுக்குப்போன்ற இழையையுடைய கலங்கள் அத்துளைகளின் வழியே நீரை உள்ளிழுக்கும். நீரிலுள்ள பற்றீரியா முதலிய நுண்பொருள்கள் உணவாகும். எஞ்சிய நீர் பெருந்துளை வழியே வெளியேறும். ஒரு நாளிலே தன் பருமனைப் போற் பல்லாயிரம் மடங்கு நீரை வடிக்கவல்ல இனங்களும் உள.

இலங்கைக் கடற்பஞ்சுகள் அறிஞர் கண்ணுக்குப் புதியனவல்ல. மன்னார்க் குடாவின் முத்துப்படுகைகளை ஆராய 1902 ஆம் ஆண்டில் இங்கு வந்த பேராசிரியர் ஏட்மன் சேகரித்த பஞ்சுகளை ஆதர் தெண்டி என்பார் வகைப்படுத்தி 1905 ஆம் ஆண்டில் விரிவான அறிக்கையாக வெளியிட்டார். பஞ்சின் உருவமும் உள்முட்களுமே அன்றைய ஆராய்ச்சிக்குப் பொருளாயின. உள்ளே இருப்போர் யாவர் என்னும் வினா பின்னரே எழுந்தது.

குடியோ, வழிப்போக்கோ?

பஞ்சின் ஒரு துண்டை உணவூட்டிய ஏகாரில் இட்டால் அசுப்பெர்கிலசு, பெனிசிலியம், திரைக்கோடேர்மா, கிளடோசுப்போரியம் முதலிய பூஞ்சணங்கள் முளைத்தெழுதல் உலகின் பல கடல்களிலும் கண்ட செய்தி. ஆனால், இவற்றுட் பல தரையிலும் வாழ்வன. நம் வீட்டுப் பழைய பாணிலும் காணப்படுவன. ஐப்பசி, கார்த்திகை மாரியில் வயலையும் தோட்டத்தையும் கழுவிவரும் வெள்ளம் அவற்றின் வித்திகளைப் பரவைக்கடலிற் சேர்த்தல் இயல்பு. நீரை ஓயாது வடிக்கும் பஞ்சினுள் அவ்வித்திகள் சிக்குதலும் இயல்பே. ஆகவே, பஞ்சிலிருந்து ஒரு பூஞ்சணம் முளைத்தது என்பது வேறு. அது பஞ்சினுள் வாழ்ந்தது என்பது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

இதனைப் பிரித்தறியும் முறை வருமாறு: பஞ்சின் துண்டைத் தூய்மையான பையிலிட்டுக் குளிர்நிலையிற் கொண்டுவந்து, கிருமிநீக்கிய கடல்நீரிற் பலமுறை கழுவுவர். மேற்பரப்பை 70 வீத அற்ககோலால் துடைத்து, உட்பகுதியை மாத்திரம் சிறு துண்டுகளாக வெட்டிக் கடல்நீர் கொண்டு செய்த ஏகாரில் வைப்பர். பற்றீரியாக்கள் மிகாவண்ணம் அவற்றை அடக்கும் மருந்தும் ஏகாரிற் சேர்க்கப்படும். இறுதியாகக் கழுவிய நீரில் ஒரு துளியை வேறொரு கிண்ணத்தில் இடுவர். அதிலும் பூஞ்சணம் முளைப்பின், கழுவுதல் முற்றுப்பெறவில்லை என்பது தெளிவு. சூழ்ந்த நீரையும் அயலிலுள்ள சேற்றையும் இவ்வாறே சோதித்து ஒப்பிடுதல் வேண்டும். சில வாரங்களில் வளரும் பூஞ்சணத்தை அதன் வித்திகளின் அமைப்பாலும் டி.என்.ஏ. ஒழுங்காலும் இனங்காண்பர்.

இவ்வளவு செய்தும், துளைகளினுள்ளே தங்கிய வித்தி எது, வாழும் பூஞ்சணம் எது என்பது முற்றுந் தெளியாது. ஐயமற்ற சான்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொண்டிரில்லா என்னும் பஞ்சினத்தின் முட்டைக் கலங்களினுள்ளே மதுவம் இருப்பதையும், அது தாய்ப்பஞ்சிலிருந்து சந்ததிக்குச் செல்வதையும் மல்தொனாடோ என்பாரும் துணைவரும் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாய்வழியே வருவதை வழிப்போக்கெனல் பொருந்தாது.

பயன் யாது?

1945 ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டீனியாத் தீவிற் கழிவுநீர் கடலிற் கலக்கும் இடத்தில் புரொட்சு என்னும் மருத்துவர் ஒரு பூஞ்சணத்தைக் கண்டெடுத்தார். அதிலிருந்து 1953 ஆம் ஆண்டில் ஒக்சுபோட்டில் ஏபிரகாம், நியூற்றன் என்போர் செபலோசுப்போரின் சி என்னும் பொருளைப் பிரித்தறிந்தனர். இன்று உலகெங்கும் வழங்கும் செபலோசுப்போரின் மருந்துகளுக்கு அதுவே மூலம். மத்தியதரைக்கடற் பஞ்சொன்றிற் கிடைத்த பெனிசிலியத்திலிருந்து, இரத்தப் புற்றுக் கலங்களை ஆய்கூடத்திற் கட்டுப்படுத்தும் பொருளொன்று 2003 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆய்கூட வெற்றி வேறு, மருந்து வேறு என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

பூஞ்சணத்துக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. யப்பானிய அறிஞர் 1986 ஆம் ஆண்டில் அலிக்கொண்டிரின் என்னும் புற்றெதிர்ப் பொருளை வேண்டி 600 கிலோகிராம் பஞ்சைப் பிழிந்தும் பெற்றது 12.5 மில்லிகிராம் மாத்திரமே. பஞ்சினையே நம்பின் கடல் வெறுமையாகும். பூஞ்சணமோ ஒருமுறை பிரித்தெடுத்தபின் கிண்ணத்தில் வளரும், தொட்டியிற் பெருகும். விரலளவு துண்டே போதும். பஞ்சும் பிழைக்கும், மரமும் நிற்கும்.

ஆனால், அவ்விரலளவு துண்டுக்கும் பஞ்சு வேண்டும். பஞ்சுக்கு வேர் வேண்டும். கண்டலை விறகென வெட்டுமிடத்தில் மூன்று குடிகள் ஒருங்கே கெடும். அவற்றுள் மூன்றாவதன் பெயரையும் நாம் எழுதி முடித்திலோம். இலங்கையின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் 2015 ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்டது. காத்தலோடு அறிதலும் சேர்தல் நன்று. மாணவர் இவ்வாராய்ச்சியிற் புகுங்கால், இடம், நாள், நீரின் உப்பளவு என்பவற்றைக் குறித்தலையும், ஒப்பீட்டுக் கிண்ணத்தை வைத்தலையும் மறவாதொழிக. பூஞ்சணம் வளர்ந்த கிண்ணத்தைத் திறந்து முகர்தலாகாது; வித்திகள் நுரையீரலுக்குத் தீங்கு பயப்பன. வழிப்போக்கைக் குடியென எழுதாத ஒரு சிறு குறிப்பேடே நம் பரவைக்கடலுக்கு நாம் செய்யத்தக்க நல்ல தொடக்கமாகும்.