நவம்பருக்கு முப்பது படம்

கேள்வி: நவம்பரில் நாளுக்கொரு வரைபடம் போடும் சவாலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தை வைத்து முப்பது தேறுமா?
– ஒரு வாசகி, ராகலை

பதில்: தாராளமாகத் தேறும். பின்லாந்துக்காரர் டோபி ட்யூகானோவ் 2019இல் தொடங்கிவைத்தது இது. பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. முதல் மூன்று தலைப்புகள் வழக்கமாகப் புள்ளி, கோடு, பரப்பு.

புள்ளிக்கு டிவிஷனின் தண்ணீர்ப் பீலிகளைக் குறியுங்கள். வற்றியதற்கு வேறு நிறம். கோட்டுக்கு நீங்கள் அலையவே வேண்டாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைவரை இரண்டரை அடித் தண்டவாளத்தில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1940களில் நின்றுபோயிற்று. பெரியவர்களிடம் கேட்டு, பாதை போன தடத்தில் நடந்து பாருங்கள். அந்த ஒரு படத்துக்கே மூன்று நாள் போகும். போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?

பரப்புக்குத் தேயிலை மலைகள். எந்த நம்பர் மலையைச் சனங்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். அது தோட்டக் கந்தோர்ப் படத்தில் இருக்காது.

கணினி இருந்தால் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். இல்லாவிட்டால் சதுரக்கோட்டுக் கொப்பி போதும். லயத்திலிருந்து, காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்கு எத்தனை காலடி என்று எண்ணி, பத்துக் காலடிக்கு ஒரு கட்டம் வையுங்கள்.