முடக்குவாதம்: மரபும் தன்னெதிர்ப்பும்

காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்து நிற்குமாயின், அதனை வாயுப் பிடிப்பு என்று தள்ளிவிடுதல் தகாது. டோல்கேட் போன்ற உழைப்பாளர் பகுதிகளில் அது வேலைக் களைப்பாகவே எண்ணப்படுதல் இயல்பு.

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல், தன் மூட்டுச் சவ்வையே பகையெனக் கருதித் தாக்குவதே முடக்குவாதம். நார்வே அறிஞர் எரிக் வாலர் 1940-இல் விளக்கிய ருமட்டாய்டு காரணி, இந்நோயில் காணப்படும் தன்னெதிர்ப்பொருள்களுள் ஒன்று. காசநோயிலும் முதுமையிலும்கூட அது காணப்படலாம். சிட்ருலின் புரதங்களை எதிர்க்கும் மற்றொன்று இந்நோய்க்கே பெரிதும் உரியது. நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே குருதியில் தோன்றுவதும் உண்டு. எனினும், இவை இல்லாமலும் நோய் வரலாம்.

எச்.எல்.ஏ.-டி.ஆர்.4 என்னும் மரபுக்கூற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பீட்டர் ஸ்டாஸ்ட்னி 1978-இல் காட்டினார். ஆயின் மரபே ஊழ் அன்று. ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு நோயிருப்பினும், மற்றவருக்கு அது வருவது நூற்றுக்குப் பதினைந்து அளவே. மரபுக்கூறு உடையவர் புகைபிடிப்பின் ஆபத்துப் பன்மடங்காகிறது. சிலிக்கா தூசும் தீங்கு செய்யும்.

எனவே, தாய்க்கு முடக்குவாதம் என்பதற்காக மகளின் மணப்பேச்சைத் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது. பீடியைத் தவிர்ப்பதும், மூட்டு உருக்குலையுமுன் அருகிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடங்களை நாடுவதுமே அறிவுடைமை. மெத்தோட்ரெக்சேட் முதலிய மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் தொடக்கத்திலேயே உட்கொள்வோர், தம் கைகளின் உழைப்பாற்றலைக் காத்துக்கொள்ள இயலும். இதனை இல்லந்தோறும் எடுத்துரைப்பது மாணவர் கடன்.