ஏழு வயதுப் பையனுக்கு பிரஷரா?

கேள்வி: டாக்டர், நானும் என் கணவரும் ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனிகளில் ஷிப்டு வேலை பார்க்கிறோம். மகனுக்கு ஏழு வயது. கொஞ்ச நாளாகத் தலைவலி என்கிறான். டாக்டரிடம் காட்டியபோது பிரஷர் 136/94 இருந்தது. அம்லோடிபின் மாத்திரை எழுதிக் கொடுத்து, சிறுநீரகத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வீட்டில் மாமியாரின் பிபி மெஷினில் 118/76தான் காட்டுகிறது. "சின்னப் புள்ளைக்கு ஏது பிரஷர்? மாத்திரையைப் பழக்காதே" என்கிறார் மாமியார். சிறுநீர் நன்றாகத்தான் போகிறது. சின்ன வயதில் அடிக்கடி ஜுரம் வந்ததைத் தவிர வேறு நோய் இல்லை. மாத்திரையை நிறுத்தலாமா? ஸ்கேன் அவசியமா?
- ஒரு வாசகி, ஒரகடம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்கேனைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

முதலில் அந்த 118ஐப் பார்ப்போம். வீட்டு மெஷினோடு வருவது பெரியவர்களின் கைக்கான பட்டை. அதை ஒல்லியான கையில் சுற்றினால் உள்ளதைவிடக் குறைத்துத்தான் காட்டும். அப்படிக் காட்டியும் 118 வந்திருக்கிறது! அமெரிக்கக் குழந்தைநல அகாடமி 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஏழு வயதுப் பையனுக்கு 106/68 வந்தாலே மேற்கொண்டு கவனிக்க வேண்டும். 120/80 என்ற பெரியவர்கள் கணக்கு அவனுக்குப் பொருந்தாது. அழுகிற, பயந்த குழந்தைக்கு அளவு ஏறும் என்பதும் உண்மை. அதனால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, சிறுவர் பட்டையால், வலது கையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காலிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். கையைவிடக் காலில் குறைந்தால் கோளாறு இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயில் இருக்கலாம்.

இந்த வயதில் அழுத்தம் இவ்வளவு ஏறினால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகத்தைத்தான். சிறுநீர் நன்றாகப் போவதை வைத்து நிம்மதி அடைய முடியாது. உடம்பின் ரத்த அழுத்தத்தைச் சரிக்கட்டுவதும் சிறுநீரகத்தின் வேலை. தனக்கு வரும் ரத்தம் போதவில்லை என்று தோன்றினால் அது ரெனின் என்ற பொருளைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்தால் அழுத்தம் ஏறும் என்பதை 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற ஆராய்ச்சியாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கிளாம்பால் இறுக்கிக் காட்டினார்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த ஜுரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கைக்குழந்தைக்குச் சளி, இருமல் எதுவும் இல்லாமல் ஜுரம் அடித்தால் சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கலாம். குழந்தையால் எரிகிறது என்று சொல்ல முடியாது. சிறுநீரைப் பரிசோதிக்காமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஜுரம் அடங்கிவிடும், காரணம் தெரியாமலே போகும். சில குழந்தைகளுக்குச் சிறுநீர் பையிலிருந்து மேல்நோக்கித் திரும்பும். அதோடு தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். பல வருடம் கழித்து அந்தத் தழும்பு ரத்த அழுத்தமாகத் தலைகாட்டும். உங்கள் மகனுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தேடாமல் விடக்கூடாது. பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகள் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

சமீபத்தில் காலில் சிரங்கோ தொண்டை வலியோ வந்ததா, காலையில் கண் இமை வீங்குகிறதா, சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனதா என்றும் கேட்பார்கள். சிரங்கு ஆறி மூன்று, நான்கு வாரம் கழித்துக்கூடச் சிறுநீரகம் அழற்சி காணலாம். அந்த வகை பெரும்பாலும் முழுதாகக் குணமாகிவிடும்.

பரிசோதனை சாதாரணமானதில் தொடங்கும்: சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும், ரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம், பிறகு டாப்ளரோடு அல்ட்ராசவுண்ட். பெரும்பாலும் இவற்றிலேயே ஒரு துப்பு கிடைத்துவிடும். அல்ட்ராசவுண்ட் நார்மல் என்று வந்தாலும் தழும்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்கு டி.எம்.எஸ்.ஏ ஸ்கேன் வேண்டும். தமனி சுருங்கியதாகத் தெரிந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம். நம் நாட்டுக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத் தமனி சுருங்குவதற்கு டகயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சி முக்கியக் காரணம். அதனால்தான் இரண்டு கையிலும் காலிலும் நாடி பார்ப்போம். இதயத்துக்கு எக்கோவும், கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது.

அம்லோடிபின் கொடுத்தது சரியான தொடக்கம். எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு நல்லவைதான், ஆனால் இரண்டு பக்கத் தமனியும் சுருங்கியிருந்தால் கிரியேட்டினினை ஏற்றிவிடும். அவற்றைத் தொடங்க, ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருப்பது அதனால்தான்.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பையனுக்கும் சிகிச்சை உண்டு. டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். இல்லையென்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. அங்கே சிறுவர் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. வலிப்பு, தொடர் வாந்தி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு - இதில் ஒன்று வந்தாலும் ஷிப்டு முடியட்டும் என்று பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். சிறுநீர் திரும்பும் கோளாறு உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். அவர்களுக்குக் காரணம் தெரியாத ஜுரம் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.