கொடுப்பதிலும் ஒரு கண்ணியம்

டில்லியின் குளிர்காலம் வீடற்ற குடும்பங்களுக்குச் சோதனைக் காலம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் வீடற்றோர் 46,724 பேர். நடைபாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் இரவைக் கழிக்கும் அவர்களுக்கு உணவைப் போலவே உடையும் உயிர் காப்பதாகும்.

இத்துயரை நேரில் கண்ட அன்ஷு குப்தா, 1999-இல் டில்லியில் ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவரும் அவர்தம் துணைவியாரும் தங்கள் அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகளே அதன் முதல் மூலதனம். பின்னர் கிராமங்களுக்கும் பரவிய இப்பணிக்காக 2015-இல் அவர் மகசேசே விருது பெற்றார்.

இத்தகைய தொண்டில் ஈடுபடும் மாணவர்கள் செய்பவை சிறு பணிகளே: துணிகளை அளவு பார்த்துப் பிரித்தல், அறுந்த பொத்தானைத் தைத்தல், பாவாடைக்கு நாடா கோத்தல், காலணிகளை ஜோடி சேர்த்தல். நாடா இல்லாத பாவாடையைப் பெறும் தாய் அதை எவ்வாறு உடுத்துவாள்? ‘எனக்கு வேண்டாதது’ என்று தள்ளுவது வேறு. ‘அவருக்கு வேண்டியது’ என்று கொடுப்பது வேறு.

உரிய இடத்தில், உரிய காலத்தில், கைம்மாறு கருதாது அளிப்பதைச் சாத்விக தானம் என்றும், மதிப்பின்றிக் கொடுப்பதைத் தாமச தானம் என்றும் கீதையின் 17-ஆம் அத்தியாயம் வகுக்கிறது. மார்கழிக் குளிருக்கான கம்பளி பங்குனியில் சென்று சேர்ந்தால் யாருக்குப் பயன்?

ஆகவே, இளைஞர்களே, இவ்வாரமே உங்கள் அலமாரியைத் திறவுங்கள். துவைத்து, தைத்து, மடித்துக் கொடுங்கள். பெறுபவர் தலைகுனியாமல் பெறும்போதுதான் கொடுத்தவரின் பணி நிறைவடைகிறது.